மாத்திரை அட்டையோடு தமிழில் ஒரு தாளும் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் மதுரையிலும் நீங்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டுகள் கடைசியில் எங்களைப் போன்றவர்களின் கவுண்ட்டருக்குத்தான் வருகின்றன. முன்பெல்லாம் புற்றுநோய்க்காரர்கள் எங்களிடம் வாங்குவது வாந்தி மாத்திரையும் வலி மாத்திரையும்தான். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே, ட்ரிப்ஸ் பாட்டிலோடு முடிந்துவிடும். இப்போது இமாட்டினிப், ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், சோராஃபெனிப், பால்போசிக்ளிப் என்று அட்டை அட்டையாக வீட்டுக்குப் போகிறது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கிடக்கிற அதே டப்பாவில் புற்றுநோய் மாத்திரையும் கிடக்கிறது.

இது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ட்ரிப்ஸ் ஏறும்போது பக்கத்தில் ஒரு சிஸ்டர் இருப்பார். மாத்திரை சாப்பிடுகிறவர் பக்கத்தில் மகனோ மருமகளோதான். அவர்களிடம் யாரும் எதுவும் விளக்கிச் சொல்லியிருப்பதில்லை. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புற்றுநோயை வளர்க்கும் ஒரு புரதத்தைக் குறிவைத்துத் தாக்கும் இந்த இலக்கு மருந்துகளை எழுதும்போது, அது உடம்பில் என்ன செய்யும், எப்படிச் சாப்பிட வேண்டும், என்ன தொந்தரவு வரும், எதற்கு மாத்திரையை நிறுத்தாமல் பொறுக்க வேண்டும், எதற்கு அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கையில் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவர் கேலமைன் லோஷன் கேட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு என்றார். அந்த அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி; பீடி சிகரெட் பக்கமே போகாதவர். ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்து, ஜெஃபிட்டினிப் எழுதியிருந்தார்கள். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளுக்குள் மூக்கோரத்திலும் கன்னத்திலும் நெஞ்சிலும் பொரிப் பொரியாய் எழும்பி, சிலது சீழ் வைத்துவிட்டது. "அம்மை போட்டிருக்கு தம்பி. மாத்திரைய நிறுத்திட்டோம். தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் மருந்து தொட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் முன்னாலேயே அவர்கள் காட்டிய மருத்துவமனைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு ஒருவழியாக டாக்டர் கிடைத்து, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் தோல் வறட்சிக்கு ஒரு கிரீமும் எழுதினார். மாத்திரையும் மறுபடி தொடங்கியது. ஆனால் அந்த இடைவெளி தேவையே இல்லாதது. அந்தப் பொரி வரும், அது அம்மை இல்லை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் போதும்.

சொல்லியிருக்க முடியும் என்பதுதான் என் வாதமே. வழக்கமான கீமோ, வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அடிக்கும். முடிவேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் சேர்ந்து பாதிக்கப்படுவது அதனால்தான். இலக்கு மருந்து ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் முடக்குகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பி. வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் மட்டும் "பெருகு" என்று உள்ளே சைகை அனுப்புவது அதன் வேலை. மரபணு மாறிப்போனால், யாரும் வந்து ஒட்டாமலே, அணைக்க முடியாமல் சிக்கிக்கொண்ட சுவிட்ச் மாதிரி, சைகை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். செல்லுக்குள் அந்த ஏற்பியின் அடிப்பகுதியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. ஏடிபி என்ற மூலக்கூறு வந்து உட்கார்ந்து சக்தி கொடுக்கும் இடம் அது. ஜெஃபிட்டினிப் அங்கே போய் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, சைகை நின்றுவிடுகிறது. இந்த மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டதே 2004இல்தான். ஆசியர்களிடம், குறிப்பாகப் புகைபிடிக்காத பெண்களிடம், இந்த மாத்திரை ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

இதே ஏற்பி நல்ல உடம்பிலும் இருக்கிறது. தோலின் அடியடுக்கில், முடிவேரில், நக ஓரத்தில், குடல் சுவரில் இருந்துகொண்டு அன்றாடம் அவற்றைப் புதுப்பிக்கிறது. மாத்திரை அதையும் சேர்த்து முடக்குகிறது. அதனால்தான் முகத்தில் பொரி, தோலில் வறட்சி, விரலில் நகச்சுத்தி, வயிற்றில் பேதி. அதே நோய்க்கான புதிய மாத்திரையான ஒசிமெர்ட்டினிப் பெரும்பாலும் மாறிப்போன ஏற்பியைத்தான் பிடிக்கும், இயல்பான ஏற்பியை அவ்வளவாகத் தொடாது. அதில் பொரி குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மற்ற மருந்துகளுக்கும் இதே கணக்குதான். சோராஃபெனிப், சுனிட்டினிப் எல்லாம் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பவை. உடம்பின் மற்ற ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுப்பதற்கும் புண் ஆறுவதற்கும் அதே சைகைதான் வேண்டும். எனவே பிரஷர் ஏறும், காயம் ஆறத் தாமதமாகும், ரத்தக் கசிவு வரலாம். பல் பிடுங்கப் போகிறவர் இதைப் பல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அழுத்தம் படுகிற இடமாகப் பார்த்துத் தோல் தடித்துக் கொப்புளித்து வலிக்கும். எங்கள் பக்கத்தில் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள். மெத்தென்ற செருப்பு போடுங்கள், காலில் கிரீம் தடவுங்கள், வெந்நீரில் காலை வைக்காதீர்கள் என்று முதல் நாளே சொன்னால் பாதி வேதனை குறையும். மார்பகப் புற்றுநோய்க்கு 1998இல் வந்த ட்ராஸ்டுசுமாப் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிடிக்கும் ஹெர்-2 புரதம் இதயத் தசைக்கும் தேவைப்படுகிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கொரு முறை எக்கோ எடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் காரணம் சொல்லாததால், "காசு பிடுங்க இன்னொரு டெஸ்ட்" என்று எக்கோவைத் தள்ளிப்போடுகிறவர்களைக் கவுண்ட்டரில் நின்று நான் பார்க்கிறேன்.

தொந்தரவு எங்கே வரும், ஏறக்குறைய எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த மருந்துகள் இவை. தெரிந்ததைச் சொல்லாமல் அனுப்புகிறோம். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

இமாட்டினிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை நம் ஊர் ஏழைகளுக்குக் கிடைத்ததில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன அந்தக் குரோமோசோமை நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பார்த்தார்கள். நடந்தது துண்டு மாற்றம்தான் என்று 1973இல் ஜேனட் ரோலி காட்டினார். அந்த ஒட்டுவேலையில் பிறக்கும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புரதத்தை அடக்க 2001இல் இமாட்டினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாத்திரையின் முதல் பெரிய ஆய்வில் அதைத் தொடங்கியவர்களில் பத்து வருடம் கழித்தும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரு காலத்தில் சில வருடங்களில் ஆளைக் கொண்டுபோன நோய் இது.

ஆனால் இமாட்டினிப்பை நோவார்ட்டிஸ் கம்பெனி விற்ற கிளிவெக் அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடாவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. மும்பையின் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் இந்த வழக்கில் கடைசிவரை நின்றது. இவ்வளவு பேர் பாடுபட்டு மாத்திரையைக் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாத்திரையை ஒரு வீட்டில் "கண் வீங்குது" என்று பயந்து பாதியில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்றால் எப்படிப் பொறுப்பது?

இமாட்டினிப்பில் கண்ணைச் சுற்றி வீக்கம் வரும், காலையில் எழுந்ததும் அதிகமாகத் தெரியும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இவை அடிக்கடி வருபவை, பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. நம் ஊர்த் தோலில் இன்னொன்றும் நடக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு வேண்டிய கிட் என்ற புரதத்தையும் இமாட்டினிப் முடக்குவதால் சிலருக்கு நிறம் வெளுக்கிறது. எங்களிடம் மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஒரு பெண்ணைத் தெருவில் "நல்லா கலராயிட்டியே" என்று கேட்கிறார்கள். அவள் அம்மாவோ இது வெண்குஷ்டமோ என்று பயந்து, கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்று என்னிடம் தனியாக வந்து கேட்டார். நோயைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது அந்த வீட்டில். மருந்தால் வருவது, தொற்றாது, வெண்குஷ்டம் இல்லை. இந்த மூன்று சொற்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்றைத் தயக்கமில்லாமல் எழுதுகிறேன். இந்த ரத்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இளம் வயதிலேயே வருகிறது. இமாட்டினிப் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசித் திட்டமிட வேண்டும். ஓபியில் மாமியாரும் மாமனாரும் நிற்கும்போது இதைப் பேச முடியாது என்பது புரிகிறது. தாளில் எழுதியிருந்தால் அந்தப் பெண் தனியாகப் படித்துக்கொள்வாள்.

விட்டு விட்டுச் சாப்பிடுவது எவ்வளவு கெடுதல் என்பதற்கு 2010இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு ஒன்றே போதும். இமாட்டினிப் சாப்பிடும் 87 பேரின் மாத்திரைப் புட்டி மூடியில், எப்போது திறக்கிறார்கள் என்று பதியும் சில்லு வைத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, ஆறு வருடத்தில் நோயின் மரபணுத் தடயம் வேண்டிய அளவுக்குக் குறையும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் கீழே சாப்பிட்டவர்களுக்கு 28.4 சதவீதம். 90 சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று நாள் தவறுவது. திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் தவறிவிடும் அந்த மூன்று நாள். "நல்லாத்தானே இருக்கேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டா அட்டை ரெண்டு மாசம் வரும்ல?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடம் நோய் முழுக்க அடங்கியவர்களில் சிலர் மருந்தை நிறுத்த முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் அது உங்கள் கண்காணிப்பில், மாதாமாதம் ரத்தப் பரிசோதனையோடு செய்வது. வீட்டில் முடிவெடுப்பது வேறு.

அப்புறம் சாப்பிடும் முறை. உங்கள் சீட்டில் 1-0-0 (காலையில் மட்டும் ஒன்று) என்று இருக்கும், அவ்வளவுதான். இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். எர்லோட்டினிப்பும் நிலோட்டினிப்பும் வெறும் வயிற்றில். நிலோட்டினிப்பைச் சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் அளவு எகிறி இதயத் துடிப்பே குழம்பக்கூடும். இட்லியோடு இமாட்டினிப் சாப்பிட்டுப் பழகியவருக்கு நீங்கள் நிலோட்டினிப்புக்கு மாற்றி எழுதினால், அவர் அதையும் இட்லியோடுதான் சாப்பிடுவார்.

எங்கள் கடையில் அதிகம் விற்பவற்றில் ஒன்று கேஸ் மாத்திரை. சீட்டே இல்லாமல் பான்டோப்ரசோலும் ஒமிப்ரசோலும் கேட்டு வாங்குவார்கள். எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப், டாசாட்டினிப் எல்லாம் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிட்டால் புற்றுநோய் மாத்திரை சரியாக உடம்பில் ஏறாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதை ஏழு ரூபாய் மாத்திரை வீணாக்குகிறது. இதில் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன்: பல நேரம் உங்கள் சீட்டிலேயே இரண்டும் ஒன்றாக எழுதப்பட்டு வருகின்றன. நாங்கள் போன் செய்து கேட்டால் கோபப்படாதீர்கள்.

ஆங்கிலத் தாளில் கிரேப்ஃப்ரூட் சாப்பிடாதே என்று இருக்கும். எங்கள் ஊரில் அதை யார் பார்த்திருக்கிறார்கள்? அதே இனத்துப் பம்ளிமாஸைச் சொன்னால் உடனே புரியும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இமாட்டினிப்பின் அளவை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைத்துவிடும், ஜெஃபிட்டினிப்புக்கும் அதே கதிதான். இருமலோடு போகிற நுரையீரல் நோயாளிக்கு உள்ளூரில் காசநோய் மருந்து ஆரம்பிப்பது நம் நாட்டில் சகஜம். பூஞ்சைத் தொற்றுக்கு எழுதும் இட்ராகொனசோல் நேர்மாறாக அளவை ஏற்றிவிடும். உள்ளூர் டாக்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் கையில் அந்தத் தாளை நோயாளி நீட்டினால் அவரே பார்த்துக்கொள்வார்.

எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு நிறுத்தக் கூடாது என்பதில் வீட்டுக்காரர்களின் யூகம் தலைகீழாக இருப்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. முகத்தில் பொரி வந்தால், கண்ணுக்குத் தெரிவதால், மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பொரி வந்தவர்களிடம் மருந்து நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதே ஜெஃபிட்டினிப்பிலோ ஒசிமெர்ட்டினிப்பிலோ திடீரென்று மூச்சு வாங்கி வறட்டு இருமல் வந்தால், "சளி பிடிச்சிருக்கு" என்று சிரப் வாங்கிக்கொண்டு மாத்திரையைத் தொடர்கிறார்கள். நுரையீரல் திசுவே அழன்றுபோகும் அபூர்வமான விளைவு அது, உயிரை எடுக்கும். அதற்குத்தான் உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். பால்போசிக்ளிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டிய மருந்து. அதனால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. பேதி நாலைந்து தடவை போனால் "உடம்பு சூடு" என்று மோர் குடித்து இரண்டு நாள் பார்ப்பார்கள், அதற்குள் சிறுநீரகம் காய்ந்துவிடும். தாளில் "டயரியா" என்று போடாமல் "தண்ணியாப் பேதி" என்று போடுங்கள். "இது உடம்புச் சூடு இல்லை" என்றும் போடுங்கள்.

தொந்தரவுகளை எல்லாம் சொன்னால் பயந்து ஆரம்பிக்கவே மாட்டார்கள் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் நான் பார்க்கிற பயம் வேறு. சொல்லாமல் வந்த தொந்தரவுதான் ஆட்களை மிரட்டுகிறது. "கீமோ மாதிரி இல்ல, முடி கொட்டாது, ஒண்ணும் செய்யாது" என்று கேட்டுவிட்டுப் போனவர், பத்தாம் நாள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் உங்கள் மேலேயே நம்பிக்கை இழக்கிறார். அடுத்து அவர் போவது யாரோ சொன்ன லேகியத்துக்கு.

உங்கள் ஓபியில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் விளக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மருந்துக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில், வீட்டில் பேசுகிற வார்த்தையில். அடியில் ஒரு போன் நம்பர், அதை எடுக்க ஒரு ஆள். ஒரு சிஸ்டரோ மருந்தாளுநரோ இருந்தால் போதும், பெரும்பாலான அழைப்புகளுக்கு "பொறுத்துக்கோங்கம்மா, நிறுத்தாதீங்க" என்றோ, "உடனே வாங்க" என்றோதான் பதில். சோராஃபெனிப் எடுப்பவருக்கு வாரம் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலரிடமே காட்டிக்கொள்வார்கள். எதிர்பாராத தொந்தரவு வந்தால் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் பதியலாம். அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நம் தோலில், நம் சாப்பாட்டோடு இந்த மருந்துகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அப்படித்தான் பதிவாகும்.

இமாட்டினிப், ஜெஃபிட்டினிப், சோராஃபெனிப் மூன்றுக்கும் நானும் எனக்குத் தெரிந்த சில மருந்தாளுநர்களும் மாதிரித் தாள்கள் எழுதி வைத்திருக்கிறோம். நீங்கள் சரிபார்க்காமல் அதை யார் கையிலும் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. உங்கள் சங்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து திருத்திக் கையெழுத்திட்டால், அடுத்த மாதமே கவுண்ட்டரில் அட்டையோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். அச்சுக்கூலி எங்களுடையது.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு மருந்தாளுநர்